இரண்டாவது கோடு

ஒரு சொட்டு இரத்தம், பத்து நிமிஷம், கைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. என்னைத் திருடி என்று முடிவு கட்ட இவ்வளவு போதுமாக இருந்தது. கூடவே அப்பா சொன்ன ஒரு வாக்கியம். பிளாஸ்டிக் துண்டை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான். அப்பா கதை வேறு.

அப்போது நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. கருவடிக்குப்பத்தில் வாடகை வீடு. அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர். அப்பா ஒரு காலத்தில் மில்லில் இருந்தவர். மில் படுத்துவிட்ட பிறகு பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு வெங்காய மண்டியில் எடை போடும் வேலைக்குப் போனார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். நான் ஒரே பெண் என்பதால் செல்லம் என்று வெளியில் எல்லாரும் சொல்வார்கள். செல்லம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் செல்லம். அதனால்தான் இவ்வளவு வலித்தது.

எட்டாவது படிக்கும்போதே எனக்கு உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்தது. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும், பிடுங்கும், உடனே ஓட வேண்டும். வாயெல்லாம் புண். தலையைச் சீவினால் சீப்பு நிறைய முடி வரும். கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் பானை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பேரை இங்கே எழுத மாட்டேன். அம்மா பூச்சி மருந்து கொடுத்தாள், சுற்றிப் போட்டாள், முருங்கைக்கீரையை வேளைக்கு வேளை திணித்தாள். வயிற்று வலிக்கு அவளிடம் ஒரே மருந்துதான் உண்டு. நீர்மோரில் பெருங்காயத்தூளைக் கலக்கிக் கொடுப்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன்.

அப்பா கொடுத்தது ரொட்டி. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் அந்த நீள ரொட்டிதான். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக. சாயங்காலம் மண்டியிலிருந்து வரும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் செய்தித்தாள் சுற்றிய ரொட்டி ஒன்று தொங்கும். அம்மாவுக்கு அது பிடிக்காது, சவசவ என்று இருக்கிறது என்பாள். அதனால் அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும். நடுவில் பிட்டு, பாதி எனக்கு, பாதி அவருக்கு. காலையில் வைத்த மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவோம். பிரெஞ்சுக்காரன் போகும்போது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனான், இந்த ஒன்றை மட்டும் நமக்காக விட்டுவிட்டுப் போனான் என்று அப்பா சொல்வார். அரை மணி நேரத்தில் எனக்கு வயிறு பிடித்துக்கொள்ளும். அதற்கு அம்மா மோர் கலக்குவாள். தினமும் இதுதான் நடந்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மண்டி முதலாளிதான் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். பிரான்சில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மற்ற டாக்டர்களெல்லாம் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு மாத்திரை எழுதுவார்கள். இவர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அப்பா பெருமையாக, தினமும் சாயங்காலம் ரொட்டி டாக்டர், என் பொண்ணு என்னை மாதிரி என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் நகங்களைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம் அறையின் மூலையில் இருந்த சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். பிரான்சிலிருந்து வருகிற தெரிந்தவர்கள் மூலமாக வரவழைப்பதாம். இதற்காகச் சென்னைக்கு இரத்தம் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை, இங்கேயே பார்த்துவிடலாம் என்றார்.

விரலில் சுருக்கென்று ஒரு குத்து. வந்த சொட்டை ஒரு சின்னக் குழாயில் உறிஞ்சி, ஏதோ திரவத்தில் கலந்து, அந்தப் பிளாஸ்டிக் துண்டில் இருந்த குழியில் விட்டார். நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் ஒரு கோடு வந்தது. அது எல்லாருக்கும் வரும் என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் சிவப்பாக இன்னொரு கோடு மெதுவாக எழும்பியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. டிவி விளம்பரத்தில் அவள் பார்த்திருந்த இரண்டு கோடு ஒன்று உண்டு. அப்பாவுக்குக் கேட்காமல் டாக்டர் பக்கம் குனிந்து, சார், இது அந்த டெஸ்டா என்று கேட்டாள். டாக்டர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

அவர் சொன்னது இதுதான். என் உடம்புக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் ஒவ்வாமை, தடிப்பு அந்த மாதிரி இல்லை. கோதுமை உள்ளே போனால் என் உடம்பு அதை எதிர்க்கிறேன் என்று கிளம்பித் தன் குடலையே அரித்துக்கொள்கிறது. அந்த எதிர்ப்பு இரத்தத்தில் தெரியும். அதைத்தான் இரண்டாவது கோடு காட்டுகிறது. அரிசி சாப்பிடுகிற நம் பக்கத்தில் இது அபூர்வம் என்றும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தும் உறுதி செய்துகொண்டார். இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், ரவை, சேமியா, மைதா எதையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது. தொடாமலிருந்தால் கோடு தானாக மறையும் என்றார்.

அம்மாவுக்கு நிம்மதி. இதற்குப் போயா இத்தனை வருஷம், நமக்குத்தான் சோறு இருக்கே என்றாள். நான்தான் வழியில் இருந்த பேக்கரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் உச்சந்தலையில் கையை வைத்தார்.

"உன் தல மேல சத்தியம் பாப்பா. நீ துன்னாதத இனிமே நானும் துன்ன மாட்டேன்."

எங்கள் வீட்டில் தலை மேல் சத்தியம் என்பது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. யார் தலையில் கை வைக்கிறோமோ, சத்தியம் பொய்யானால் கெடுதல் அவர்களுக்கு. அம்மா ஆடிப்போய்விட்டாள். பொண்ணு தலையில் ஏன் கை வைக்கிறீர்கள், சாமி படத்துக்கு முன்னால் சொன்னால் போதாதா என்று சண்டைக்கே வந்தாள். மறுநாளிலிருந்து ஹேண்டில்பாரில் ரொட்டி தொங்கவில்லை. கடலை உருண்டை வந்தது, வேர்க்கடலை வந்தது. உலகத்தில் எந்த அப்பன் பொண்ணுக்காக ரொட்டியை விடுவான் என்று நான் வகுப்பில் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த மாதங்களில் நான் இருந்த ஒழுங்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே மலைப்பாக இருக்கிறது. காலையில் பஸ் போகும் வழியில் ஒரு பேக்கரி. அடுப்பிலிருந்து ரொட்டியை வெளியே எடுக்கிற நேரமும் நான் போகிற நேரமும் ஒன்று. வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்து இடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறந்தநாள் கேக்கைக் கையில் வாங்கிப் பக்கத்துப் பெண்ணுக்குத் தள்ளிவிடுவேன். பள்ளிக்கூட வாசலில் பப்ஸ், சமோசா எதையும் தொட்டதில்லை. பாதி பிஸ்கட்? கிடையாது. பிஸ்கட் தூள் ஒட்டிய விரல்? கிடையவே கிடையாது. என் ஆயுளில் வேறு எதையும் நான் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. படிப்பைக்கூட.

உடம்பு கொஞ்சம் தேறியது. ஆனால் முழுசாக இல்லை. வயிறு இன்னும் விட்டு விட்டுப் பிடித்தது. அம்மா விடுவாளா? மோரில் போடும் பெருங்காயத்தைக் கூடுதலாகப் போட ஆரம்பித்தாள். காலையில் வெந்நீரிலும் ஒரு சிட்டிகை. ரசத்தில், சாம்பாரில், கீரை மசியலில் எல்லாவற்றிலும் தாராளம்தான். வீடே மணக்கும். வயிறு என்றால் பெருங்காயம், அதற்கு மேல் அவளுக்கு யோசனை ஓடாது. எனக்கும்தான் ஓடவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மதியம் வலி தாங்கவில்லை. சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்காமல் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தேன். அப்பாவோடு சைக்கிளில் உட்கார்ந்து போய்விடலாம் என்று ஒரு ஆசை. உடம்பு முடியாதபோது எனக்கு அப்பாதான் வேண்டும், எப்போதும் அப்படித்தான். மண்டியில் கேட்டால், இப்பத்தான் டீ குடிக்கப் போனார் என்றார்கள். மீன் கடைகளைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, அடுத்த தெருவுக்கு வந்தேன். அங்கே ஒரு பேக்கரி, வாசலில் டீ பாய்லர்.

அப்பா கண்ணாடிப் பெட்டி மேல் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையில் பாதி ரொட்டி. அதை டீயில் முக்கி, சொட்டு விழாமல் லாகவமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை, யாராவது பார்க்கிறார்களா என்ற பயம் இல்லை. கடைக்காரர் கேட்காமலே அடுத்த துண்டை எடுத்து வைத்தார். இது இன்று நேற்று ஆரம்பித்த பழக்கம் இல்லை என்று எந்த முட்டாளுக்கும் புரியும். நான் வாசல்படியில் நின்றேன். அவர் திரும்பினார். மீசையில் ரொட்டித் தூள்.

நான் எதற்கு அங்கே வந்தேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. திரும்பி நடந்து, பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். சுவர்ப் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்காமல் அழுதேன். ரொட்டி தின்றதற்காக இல்லை. ஆசை யாருக்குத்தான் இல்லை? என் தலையில் கை வைத்தாரே, அதற்காக. பாப்பா, என்னால முடியலடி என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

சாயங்காலம் கடலை உருண்டையோடு வந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எப்ப வரச் சொன்னாரு என்று மட்டும் கேட்டார். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அன்றைக்கே வீடு ரெண்டுபட்டிருக்கும். பெற்ற பெண்ணின் தலையில் பொய்ச் சத்தியம் பண்ணியவனை அவள் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டாள். என் வயிற்று வலிக்கே அதுதான் காரணம் என்று ஊரைக் கூட்டியிருப்பாள். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. மண்டு.

அடுத்த வாரம் இரண்டாவது முறை டாக்டர் அறை. அதே ஃபிரிட்ஜ், அதே பெட்டி, அதே குத்து. இந்த முறை எனக்குக் கவலையே இல்லை. பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முதல் கோடு வந்தது. பக்கத்தில் இரண்டாவதும் வந்தது. லேசாக எல்லாம் இல்லை, போன தடவை மாதிரியே அழுத்தமாக வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இந்தப் பெண் எங்கேயோ சாப்பிடுகிறாள் என்றார். நான் இல்லை என்றேன். இந்த வயசில் எல்லாரும் செய்கிறதுதான், சொல்லிவிட்டால் நல்லது என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். அந்த அன்பு எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. சாமி சத்தியமாக இல்லை சார் என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அந்தப் பிளாஸ்டிக் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானே பாத்தேன் டாக்டர். போன வாரம் மார்க்கெட்டாண்ட பேக்கரி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. ஸ்கூல் நேரத்துல."

இதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? பாருங்கள், ஒன்றுகூட இல்லை. நின்றேன். பேக்கரி வாசல்தான். பள்ளிக்கூட நேரம்தான். தான் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, மீசையில் என்ன ஒட்டியிருந்தது என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டார். அப்பா என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். ஒரு பார்வை, கொஞ்சம் பொறுத்துக்க பாப்பா என்கிற மாதிரி. பார்க்கவில்லை. டாக்டர் அந்தத் துண்டைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். பேக்கரி வாசலில் நின்றபோது என் கையில் என்ன இருந்தது என்று அப்பாவைக் கேட்டாள். ஏதோ பொட்டலம் மாதிரி இருந்தது என்றார். இது பொய். சுத்தமான, முழுப் பொய். அப்போதாவது நான் கத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதை அவரே சொல்லட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலையில் வைத்தாள். சொல்லு, அப்பா தலையில அடிச்சிச் சொல்லு என்றாள்.

எண்ணெய் தடவிய தலை. என் உள்ளங்கைக்குக் கீழே சூடாக இருந்தது. நான் எதுவும் சாப்பிடவில்லை என்று சொன்னேன், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. என் கை அங்கேயேதான் இருந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்தத் தலைக்குச் சொந்தக்காரர். அவர் பேசுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெத்த அப்பன் தலையிலயே பொய்ச் சத்தியம் பண்றியேடி, நீ நல்லா இருப்பியா?"

அப்புறம் காவல் ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பையைத் தினமும் கொட்டிப் பார்த்தாள். பஸ் டிக்கெட்டுக்கு மட்டும் சில்லறை. வகுப்பு டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் என் பக்கத்தில் உட்கார்கிற பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் என் டிபன் பாக்ஸை எட்டி எட்டிப் பார்த்தாள். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பிஸ்கட் ஜாடியை உள்ளே நகர்த்துவார். அவரிடம் சொல்லி வைத்தது அப்பா. அதை அம்மாவே பெருமையாகச் சொன்னாள், உன் அப்பனுக்கு உன் மேல எவ்வளவு அக்கறை பார் என்று. கொஞ்ச நாளில் அப்பா மண்டியில் வெங்காயத் தோல் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நீ பண்ணிய சத்தியம் வேலை செய்துவிட்டது என்றாள். அப்பா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். கேட்டுவிட்டு டீ வேண்டும் என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த ரோஷம் இன்னும் அடங்கவில்லை. இந்த வீட்டில் இனிமேல் எனக்குக் குழம்பு வேண்டாம், ரசம் வேண்டாம், மோர் வேண்டாம் என்றேன். நானே உலை வைத்துக்கொண்டேன். சோறு, கட்டித் தயிர், உப்பு; வேக வைத்த முட்டை; வாழைப்பழம். இதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அம்மா திட்டினாள், அழுதாள், பக்கத்து வீட்டாரை விட்டுப் பேச வைத்தாள். தலைகீழாக நின்றாலும் நான் மசியவில்லை. நோய்க்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். முழுக்க முழுக்க கோபம்.

அந்தக் கோபம் என்னைக் குணப்படுத்திவிட்டது. வயிற்று வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் இல்லாமலே போனது. வாய்ப்புண் ஆறியது. பரீட்சை எழுதி, காலேஜில் சேருவதற்குள் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. மூன்றாவது முறை அந்த அறைக்குப் போனோம். பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரே ஒரு கோடு. டாக்டர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பொண்ணை நல்லபடியாகக் கட்டுப்படுத்திவிட்டீர்கள் என்றார். அப்பா சிரித்தார். திருட்டுத் தீனியை விட்டதும் உடம்பு எப்படி ஆயிடுச்சு பாருங்க என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நிரபராதி என்று காட்ட வேண்டிய துண்டு, நான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இப்போது நிறுத்திவிட்டாள். அவர்கள் கணக்கு அவ்வளவு அழகாகச் சரியாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, வேறென்ன செய்ய?

அதற்கு அடுத்த முறை போனபோது டாக்டர் ஊசியை எடுக்கவில்லை. வீட்டில் பெருங்காயம் போடுவீர்களா என்று அம்மாவைக் கேட்டார். இது என்ன கேள்வி என்பதுபோல் அம்மா பார்த்தாள். போடாம எப்டி சார், இவளுக்கு வயிறு சரியில்லன்னுதான் மோருல, வெந்நீருலன்னு தினமும் குடுத்தேன், இந்தப் பிடிவாதக்காரிதான் எல்லாத்தையும் நிறுத்திட்டா என்றாள். அப்போதுதான் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். தவளக்குப்பத்திலிருந்து இதே நோயோடு இன்னொரு குடும்பம் அவரிடம் வருகிறதாம். அங்கேயும் எல்லாவற்றையும் நிறுத்தியும் கோடு போகவில்லையாம். ஒவ்வொரு பொருளாகத் தேடிப் பார்த்ததில் பெருங்காயத்தில் வந்து நின்றிருக்கிறது. கடையில் டப்பாவில் விற்கிற பெருங்காயத்தில் முக்கால்வாசி மாவு. பெரும்பாலும் கோதுமை மாவு.

"எனக்கும் தெரியாதும்மா. நான் படிச்ச இடத்துல பெருங்காயம்னா என்னன்னே யாருக்கும் தெரியாது. உங்க பொண்ணு அப்போ உண்மையத்தான் சொல்லியிருக்கா."

அம்மா என் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. நானே என் கையால ஊத்தியிருக்கேனே, நானே ஊத்தியிருக்கேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே கரைந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் கொடுத்தாள், தெரியாமல் திட்டினாள், சொன்னதை நம்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏதோ ஞாபகம் வந்தவளாக அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீங்க பேக்கரியில பாத்தேன்னு சொன்னீங்களே?"

டாக்டரும் அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நாளும் பட்டதெல்லாம் போகட்டும், இப்போது சொல்லட்டும். நான்தான் தின்னுக்கிட்டு இருந்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். தப்பாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று சொன்னாலே போதும், நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"நின்னாளே. பாத்தேனே."

அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவளுடைய பிடி மட்டும் லேசாகத் தளர்ந்தது. அதை நான் கவனித்தேன்.

இரும்புச் சத்து மாத்திரை வாங்க அம்மா பக்கத்து மருந்துக் கடைக்குப் போனாள். நானும் அப்பாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேக்கரி வாசலில் பார்த்த நாளிலிருந்து நாங்கள் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதுக்குப்பா என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் முறிந்து கூடிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தார்.

"உன் தலையில கைய வெச்சிட்டு என்னால ஒரு வாரங்கூட தாக்குப் புடிக்க முடியல பாப்பா. சின்னப் பொண்ணு, நீ மட்டும் எப்டிப் புடிச்சிருப்ப? நீயும் துன்னுக்கிட்டுதான் இருக்கன்னு நெனச்சேன்."

"இப்ப? டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

"இப்பவும் அப்டித்தான் தோணுது."

அம்மா மாத்திரைப் பொட்டலத்தோடு வந்தாள், கிளம்பினோம். டாக்டரிடம் மறைக்கத் தெரிந்தது, அம்மாவிடம் கூசாமல் பொட்டலம் என்று சொல்லத் தெரிந்தது, தெருமுனைக் கடை வரைக்கும் போய் என்னைப் பற்றிச் சொல்லி வைக்கத் தெரிந்தது. என்னிடம் அந்த பெஞ்சில் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம், நம்புறேன் பாப்பா என்று. அதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.